கிணற்றின் மேல் போட்ட பழி

எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வார்கள். பல்லில் கறை படிந்தால் தண்ணீர், சிறுநீரகத்தில் கல் வந்தால் தண்ணீர், பிள்ளை சோதனையில் கோட்டை விட்டால்கூட ஊர் மாறிக் குடித்த தண்ணீர். இந்தப் பழக்கத்துக்கு மாதச் சம்பளம் வாங்கியவன் நான். தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை. சனங்கள் சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீரை அடைத்துக்கொண்டு வருவார்கள். நான் அதில் மருந்தை விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, ஒரு கடதாசியில் எண்களை எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஊரான கோப்பாயில் என்னைத் தெரியாதவர்களுக்கும் 'தண்ணி ஐயா' என்றால் தெரியும். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக் கல். அதனால் கேத்திலுக்குள் வெள்ளைப் பொருக்குப் படியும், சவர்க்காரம் நுரைக்காது, குளித்துத் தோய்ந்துவிட்டு வந்தால் தலைமயிர் சொரசொரப்பாக நிற்கும். அலுவலகத்தில் இதை வன்னீர் என்போம். தலைமயிர் கெட்டுப்போகிறது என்று பெண்கள் வந்து முறையிட்டால் நான் ஓம், ஓம் என்று தலையாட்டி, வன்னீரைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்வேன். நான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியை விசாரிக்க எனக்கு என்றைக்கும் அவசியம் வந்ததில்லை.

என் மனைவி தென்மராட்சியில் பிறந்தவள். அங்கே மணல் தரை, தண்ணீர் இனிப்பு. கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, "உங்கடை தண்ணியிலை சவர்க்காரம் நுரைக்குதில்லை, மனிசர் எப்பிடித் தோயிறது?" என்று கேட்டவள். கேட்டாளே தவிர, அதற்குப் பிறகு இருபத்துநாலு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து அதே கிணற்றடியில்தான் தோய்ந்தாள். அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே கிடந்தது. அவள் முதலாம் வகுப்பு ஆசிரியை. வருடத் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகள் வந்தால், அன்று பின்னேரத்துக்குள் அத்தனை பேரின் பெயரும் அவளுக்குப் பாடமாகிவிடும். யார் அழுவான், யார் பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பான் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எனக்கும் வந்து சேரும்.

இரண்டு வருடத்துக்கு முன், மாரி முடிந்த கையோடு, அவளுடைய தலைமயிர் முறியத் தொடங்கியது. உதிர்வது வேறு, முறிவது வேறு. உதிர்ந்தால் நீளமாக வேரோடு சீப்பில் வரும். இது விரல் நீளத் துண்டு துண்டாக வந்தது. தலையணையில் கிடந்தது, சட்டையின் தோளில் கிடந்தது, ஒருநாள் என் சோற்றுக்கோப்பையிலும் கிடந்தது. பின்னலின் நுனிகள் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து நின்றன. சில மாதங்களுக்குள் இடுப்புக்குக் கீழே கிடந்த பின்னல் தோளுக்கு ஏறிவிட்டது.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோவன்," என்று உள்ளங்கையை நீட்டினாள்.

நான் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "தண்ணி," என்றேன்.

"இருபத்துநாலு வருஷமாக் குடிச்சுத் தோய்ஞ்ச தண்ணி இப்பதான் கண்ணைத் திறந்ததோ?"

நல்ல கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கேட்டது பெண்சாதி என்பதால் உடனே பதில் சொன்னேன். பக்கத்துக் காணியில் வெங்காயத்துக்குப் போடுகிற உரம், மழை குறைந்தது, கிணறு இறங்கியது என்று அடுக்கினேன். அடுத்த நாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் அளந்தேன். எண் ஏறித்தான் இருந்தது, ஆனால் மிகக் கொஞ்சமாக. வீட்டுக்கு வந்து 'ஏறியிருக்கு' என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நான் செய்ததை ஊரே மெச்சியது. வியாழக்கிழமை பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு, கைதடிப் பாலம் தாண்டி, தென்மராட்சியில் அவளுடைய அண்ணை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்தேன். வெள்ளிக்கிழமை அவள் தோய அந்தத் தண்ணீர். "மனிசிக்காகத் தண்ணி காவுற மனிசனை இப்பதான் காணுறம்," என்று சந்திக் கடையில் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி இனித்தது. தலைமயிர் மட்டும் தன் பாட்டில் முறிந்துகொண்டே இருந்தது.

தலைமயிரோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. சித்திரை வெயிலில் நான் சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்குக் கீழே படுத்திருக்க, அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குளிர்கிறது என்றாள். முகம் வீங்கி அதைத்தது. நடை மெதுவானது. குரல் கரகரத்தது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பாதிக்கு வயது, பாதிக்குத் தண்ணீர். பொறுமை குறைந்த நாட்களில் காரணம்கூடச் சொல்லவில்லை.

"உமக்கு நினைவு எங்கை? நித்திரையிலையோ சமைக்கிறீர்?" என்று கத்தியிருக்கிறேன். முந்தி என்றால் நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு தருவாள். இப்போது கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்து, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திப்பட்டேன்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள். "ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுவமோ?"

"தலைமயிர் முறியுதெண்டு கிளினிக்கிலை போய் நிக்கப்போறீரோ? சனம் சிரிக்கும்."

"அதுவும் சரிதான். தண்ணியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததோ," என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். அதில் குத்தல் இருக்கவில்லை. உண்மையாகவே என்னை நம்பித்தான் சொன்னாள்.

அந்த நம்பிக்கைக்கு ஓர் அத்தாட்சி காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பேராதனையில் படிக்கும் எங்கள் மகள் விடுமுறைக்கு வந்து போனபோது விட்டுப்போன சீப்பில் அவளுடைய நீள மயிர்கள் சில இருந்தன. அவற்றையும், மனைவியின் மயிர்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல், காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் ஒரு போத்தல். இருவருடைய மயிரையும் இரண்டிலும் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, யன்னல் விளிம்பில் மூன்று கிழமை வைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் கிடந்தது அறும், சுத்தத் தண்ணீரில் கிடந்தது தாங்கும் என்பது என் கணக்கு. அதை மகளிர் சங்கக் கூட்டத்தில் காட்டிப் பேசலாம் என்றுகூடத் திட்டமிட்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை முடிவில் ஒவ்வொரு மயிராக எடுத்துத் தராசுப் படிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மகளின் மயிர் இரண்டு போத்தலிலும் ஒரே மாதிரித் தாங்கியது. மனைவியின் மயிர் இரண்டு போத்தலிலும் ஒரே மாதிரி அறுந்தது. சுத்தத் தண்ணீரில் கிடந்ததும் பட்டென்று போனது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மயிரின் நீளத்துக்கு இடையிடையே சின்ன வெள்ளை முடிச்சுகள். முறிந்த இடம் கூட்டித் தேய்ந்த தும்புத்தடி போல விரிந்து நின்றது. அந்த மகளும் பதினெட்டு வருடம் இதே கிணற்றில் தோய்ந்து வளர்ந்தவள்தான்.

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். தண்ணீரில் பிழை இல்லையென்றால் காரணம் அவளுடைய உடம்புக்குள் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் குளிரும், களைப்பும், மறதியும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. இதை யோசித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை மாதம் தண்ணீர் காவியது வீண் என்று சந்திக் கடைக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. அவளுடைய உடம்பில் என்ன வருத்தம் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவள் வாசல் படியில் சோர்ந்துபோய் இருந்தாள். போத்தல்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும், ஏனோ அன்றைக்கென்று கேட்டாள்.

"உண்மையாத் தண்ணிதானோ? வேறை ஒண்டும் இல்லையோ?"

"தண்ணிதான்," என்றேன். மோட்டார் சைக்கிளை மெல்லச் சாய்த்து நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைக் கடந்து உள்ளே போனேன்.

மூன்று கிழமை கழித்து அவள் பாடசாலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கொப்பியைக் காட்ட முன்னால் வந்து நின்றிருக்கிறாள். இவளுக்கு அந்தப் பிள்ளையின் பெயர் வரவில்லை. வருடம் பாதி போய்விட்டது, தினமும் முன் வாங்கில் இருக்கிற பிள்ளை. பெயர் இடாப்பைத் திறந்து விரலால் தேடியிருக்கிறாள். அதைப் பார்த்த பிள்ளை, "ரீச்சருக்கு என்னைத் தெரியேல்லை" என்று அழுதிருக்கிறது.

"என்ரை மூளை மழுங்கிப் போச்சு," என்றாள் என்னிடம். "உந்தப் பிள்ளையளுக்கு நான் இனிப் பாவம் செய்யக்கூடாது. விட்டிட்டு வீட்டிலை இருக்கப்போறன்."

அவள் இன்னும் நாலு வருடம் படிப்பித்திருக்கலாம். ஐம்பத்தைந்து தாண்டியதால், விரும்பினால் ஓய்வெடுக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. கடிதத்தை ஒரே பின்னேரத்தில் எழுதினாள். அவளுடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அது வரியை விட்டு இறங்கி இறங்கி ஓடியது. நான் அதை வாசித்து இரண்டு சொற்களைத் திருத்தினேன். "ஓம், ஆறுதலா வீட்டிலை இரும்," என்றேன். அதைக் கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். வழியில் நிறுத்த எத்தனை இடம் இருந்தது! ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்ப ஏறிப் போனேன்.

ஓய்வு சரிவந்து அவள் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் மகள் தொலைபேசி எடுத்தாள். மனைவிதான் எடுத்துக் கதைத்தாள். மகள் மறுமுனையில், "அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கோ," என்றாள். "நான்தானடி அம்மா," என்று இவள் சொல்லவேண்டி வந்தது. அடுத்த நாள் மகள் வந்து இறங்கினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பற்றித் தொடங்கினேன்.

"அப்பா, தயவுசெய்து," என்றாள். அவ்வளவுதான். தாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன்.

டொக்டர் ஒரு பெண். மனைவியின் தலைமயிரை விரலிடையில் உருட்டிப் பார்த்தார், புருவத்தின் வெளி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே மயிரே இல்லை. அதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. நாடியைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டு விழுங்கச் சொன்னார். குளிருதோ, மலச்சிக்கலோ, மறதியோ என்று அவர் கேட்கக் கேட்க, இவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

"தலைமயிர் முறியப் பல காரணம் இருக்கு," என்றார் டொக்டர். "இரும்புச்சத்துக் குறைஞ்சாலும் முறியும், சரியாச் சாப்பிடாட்டிலும் முறியும், சிலருக்குப் பிறப்பிலையே இருக்கும். இது தைரொயிட் போலத்தான் கிடக்கு. இரத்தம் பாத்தாத் தெரியும்."

"எங்கடை தண்ணி வன்னீர்..." என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, வன்னீர் தலைமயிரைக் கரடாக்கும். இப்பிடி முறிக்காது. அப்பிடி முறிக்குமெண்டால் கோப்பாயிலை ஒரு பொம்பிளைக்கும் கொண்டை இராது," என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

இரத்தச் சோதனை அவர் சொன்னதையே சொன்னது. கழுத்துச் சுரப்பி வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. அதனால்தான் குளிர், அதனால்தான் குரல், அதனால்தான் மறதி. மருந்து ஒரு சின்னக் குளிசை. விடிய எழும்பி, தேத்தண்ணிக்கு முன்னம், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குக் கிட்ட நான் கான் கட்டிப் பாலம் தாண்டியதற்கு மாற்று, நகத்தளவு குளிசை.

இரண்டு மாதத்தில் போர்வையை மடித்து வைத்தாள். முகத்து வீக்கம் வற்றியது. குரல் திரும்பி வந்தது. முற்றத்தில் நின்று கூப்பிட்டால் நாலு வீடு கேட்கும் பழைய குரல். நெற்றியோரம் புதுமயிர் குட்டை குட்டையாக எழும்பி நின்றது. மறதி எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியாகப் படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். அழுத பிள்ளையின் பெயரை இரண்டு தரம் சொன்னாள். பாடசாலைக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கலாமோ என்று அதிபரைக் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய இடத்துக்கு ஒரு இளம் ஆசிரியை வந்துவிட்டார். அதிபர் நல்ல மனிதர், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

புது வருடம் பாடசாலை தொடங்கிய அன்று அவள் விடிய எழும்பிக் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, வீதிப் படலையடியில் நின்றாள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் இவளைப் பார்த்து, "ரீச்சர், வரேல்லையோ?" என்றார்கள். அவள் சிரித்தாள். மணி அடித்த சத்தம் காற்றில் வந்தது. பிறகு உள்ளே வந்து, அந்தச் சேலையோடேயே அரிசி களைந்தாள்.

எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறொன்று இருந்தது. அவள் என்னைப் புகழ்ந்தாள். வருத்தம் பார்க்க வந்த அத்தனை பேரிடமும், "இவர் பாவம், என்னெண்டு தெரியாமல் எனக்காகக் கைதடி தாண்டித் தண்ணி காவினவர்," என்று சொன்னாள். 'என்னெண்டு தெரியாமல்' என்ற சொல்லை ஒவ்வொரு தரமும் சொன்னாள். அந்த நேரங்களில் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். எனக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன், குசினியில், அவளிடம் சொன்னேன். போத்தல்கள், மகளின் மயிர், தராசுப் படிகள், எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வாசல் படியிலை இருந்து நான் கேட்டனானெல்லோ, உண்மையாத் தண்ணிதானோ எண்டு. அதுக்கு முந்தியோ, பிந்தியோ?"

பிந்தி என்று சொல்லியிருக்கலாம். அவளால் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை நாளாக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"முந்தி," என்றேன். "அண்டைக்குத்தான். அண்டைக்கு மத்தியானம்."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். பழைய குரல் வந்துவிட்டதே, இரண்டு வருடக் கத்தலையும் சேர்த்துக் கத்தட்டும் என்றுகூட மனம் கெஞ்சியது. அவள் மிகவும் மெல்லமாகத்தான் கதைத்தாள்.

"வருத்தம் எண்டு தெரியாமல் இருந்தது ஒண்டுமில்லை. ஆருக்கும் வாறதுதான். எனக்கு மூளை மழுங்கிப் போச்செண்டு நான் நம்பினன். கடிதம் எழுதேக்கை அப்பிடித்தான் நம்பினன். இல்லையெண்டு தெரிஞ்ச ஒரே மனிசன் நீங்கள். என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று எழும்பி, அடுப்பை நிறுத்தப் போனேன். அது ஏற்கெனவே நிறுத்தித்தான் இருந்தது. அவள் சோற்றை ஒரு கோப்பையில் போட்டு, கறியை ஓரத்தில் வைத்து, என் முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். இவ்வளவு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் தனியாக இருந்து சாப்பிட்டேன்.